விண்டர்பெர்ரி

விண்டர்பெர்ரி என்பது கிழக்கு வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட, இலையுதிர்க்கும் ஹாலி வகையைச் சேர்ந்த ஒரு புதர்ச்செடி ஆகும். இதன் தாவரவியல் பெயர் ஐலெக்ஸ் வெர்ட்டிசில்லாட்டா. ஹாலி என்றவுடன் ஆண்டு முழுவதும் பச்சை மாறாத, ஓரங்களில் முள் கொண்ட இலைகளே பலருக்கும் நினைவுக்கு வரும். விண்டர்பெர்ரியின் இலைகளில் முள் இல்லை; அவை இலையுதிர் காலத்தில் முற்றாக உதிர்ந்துவிடுகின்றன. அதன்பின் வெறுங்கிளைகளை ஒட்டி நெருக்கமாக அமைந்த செந்நிறக் கனிகள் மட்டும் எஞ்சுகின்றன. பனி மூடிய மாதங்களிலும் இக்கனிகள் கிளைகளில் நிலைத்திருப்பதால், குளிர்காலத்தில் நிறம் தரும் தோட்டச் செடியாக இது விரும்பி வளர்க்கப்படுகிறது.

இது ஓர் ஈரில்லத் தாவரம். அதாவது, ஆண் பூக்கள் ஒரு செடியிலும் பெண் பூக்கள் வேறொரு செடியிலும் தோன்றும். பெண் செடி மட்டுமே கனி தரும். அதுவும் அருகில் அதே நாட்களில் பூக்கும் ஆண் செடி இருந்தால் மட்டுமே. விண்டர்பெர்ரியை நட்டவர்கள் கனி காணாமல் ஏமாற்றம் அடைவதற்கு இதை அறியாமையே முதன்மைக் காரணமாக உள்ளது.

## வகைப்பாட்டுச் சுருக்கம்

* திணை: தாவரம்
* வரிசை: அக்குயிஃபோலியேல்ஸ்
* குடும்பம்: அக்குயிஃபோலியேசியே
* பேரினம்: ஐலெக்ஸ்
* இனம்: ஐ. வெர்ட்டிசில்லாட்டா

## பெயர்கள்

விண்டர்பெர்ரி என்னும் ஆங்கிலப் பெயருக்குக் குளிர்காலச் சிறுகனி என்று பொருள் கொள்ளலாம். மிச்சிகன் ஹாலி, கனடா ஹாலி, கருப்பு ஆல்டர், காய்ச்சல் புதர் என்னும் பெயர்களும் வழக்கில் உள்ளன. இதன் இலைகள் ஆல்டர் மரத்தின் இலைகளை ஒத்தவை. உறைபனி பட்டதும் கருமை அடைபவை. இதனால் கருப்பு ஆல்டர் என்னும் பெயர் ஏற்பட்டது. ஆயினும் உண்மையான ஆல்டர் மரங்களுக்கும் இதற்கும் நெருங்கிய உறவு இல்லை. பட்டையைக் காய்ச்சலுக்கு மருந்தாகப் பயன்படுத்திய வழக்கத்திலிருந்து காய்ச்சல் புதர் என்னும் பெயர் வந்தது.

வெர்ட்டிசில்லாட்டா என்னும் இலத்தீன் சொல் தண்டைச் சுற்றி வட்டமாக அமைந்திருப்பதைக் குறிக்கும். கனிக் கொத்துகள் தண்டைச் சூழ்ந்திருப்பது போலத் தோன்றினாலும், இச்செடியின் இலைகள் வட்ட அடுக்கில் அல்லாது மாற்றடுக்கிலேயே அமைந்துள்ளன.

## வகைப்பாடு

கரோலஸ் லின்னேயஸ் 1753 ஆம் ஆண்டில் இச்செடியைப் பிரைனோஸ் வெர்ட்டிசில்லாட்டஸ் என்னும் பெயரில் விவரித்தார். பின்னர் அமெரிக்கத் தாவரவியலாளர் ஏசா கிரே இதனை ஐலெக்ஸ் பேரினத்துக்கு மாற்றினார். அவர் இட்ட பெயரே இன்றும் ஏற்கப்பட்டுள்ளது.

ஐலெக்ஸ் பேரினத்தில் 500 க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை பசுமைமாறாத் தாவரங்கள். கிறிஸ்துமஸ் அலங்காரத்துக்குப் பயன்படும் ஐரோப்பிய ஹாலி, தென் அமெரிக்காவில் யெர்பா மாத்தே என்னும் பானம் தயாரிக்க உதவும் மரம், மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைக்காடுகளில் வளரும் ஐலெக்ஸ் வைட்டியானா, இலங்கையின் மலைக்காடுகளில் வளரும் ஐலெக்ஸ் வாக்கரி ஆகியவை இப்பேரினத்தைச் சேர்ந்த பசுமைமாறா இனங்கள் ஆகும்.

இலையுதிர்க்கும் ஹாலிகள் எண்ணிக்கையில் குறைவு. தோட்டங்களிலும் காடுகளிலும் விண்டர்பெர்ரியுடன் சேர்த்துப் பேசப்படுபவை பின்வருமாறு:

* '''பாசம்ஹா''' (ஐலெக்ஸ் டெசிடுவா): அமெரிக்காவின் தென்கிழக்கிலும் டெக்சாஸ் வரையிலும் ஆற்றோர நிலங்களில் வளர்வது. விண்டர்பெர்ரியை விட உயரமானது. சிறு மரமாகவும் வளரும். வெளிர் சாம்பல் நிறப் பட்டை உடையது. காரத்தன்மையுள்ள மண்ணை ஓரளவு தாங்கும்.
* '''வழுவழுப்பான விண்டர்பெர்ரி''' (ஐலெக்ஸ் லேவிகாட்டா): அமெரிக்காவின் கிழக்குக் கரையோரச் சதுப்புகளில் வளர்வது.
* '''மலை விண்டர்பெர்ரி''' (ஐலெக்ஸ் மொன்டானா): அப்பலாச்சிய மலைக்காடுகளில் வளர்வது.
* '''சப்பானிய விண்டர்பெர்ரி''' (ஐலெக்ஸ் செர்ராட்டா): சப்பான், சீனா ஆகிய நாடுகளுக்கு உரியது. கனிகள் சிறியவை. அமெரிக்க இனத்துடன் கலப்பினம் உருவாக்கப் பயன்பட்டது.

## உருவமைப்பு

விண்டர்பெர்ரி பொதுவாக 1 முதல் 5 மீட்டர் வரை உயரம் வளரும். அடியிலிருந்து பல தண்டுகள் எழும். ஈரமான மண்ணில் வேர்க்கன்றுகள் விட்டுப் பரவிப் புதர்க்கூட்டமாகும்; உலர்ந்த மண்ணில் ஒரே இடத்தில் செறிந்து நிற்கும். பட்டை சாம்பல் கலந்த பழுப்பு நிறமானது. வளர்ச்சி மெதுவானது.

இலைகள் நீள்வட்ட வடிவில், ஏறத்தாழ 4 முதல் 9 செ.மீ. நீளம் கொண்டவை. இலை விளிம்பில் நுண்ணிய ரம்பப் பற்கள் உண்டு. இலையுதிர் காலத்தில் இலைகள் மஞ்சள் நிறமாகி அல்லது கருத்து உதிர்கின்றன. இந்நிற மாற்றம் கண்ணைக் கவருவதாக இருப்பதில்லை.

பூக்கள் ஏறத்தாழ 5 மி.மீ. விட்டம் கொண்டவை, வெண்மையான 5 முதல் 8 இதழ்கள் உடையவை. அவ்வாண்டு வளர்ந்த இளந்தண்டுகளின் இலைக்கோணங்களில் இவை தோன்றுகின்றன. கனி உருண்டை வடிவிலானது. 6 முதல் 8 மி.மீ. விட்டமுடையது. அதனுள் சில சிறு கொட்டைகள் இருக்கும். காய்கள் கோடையில் பச்சை நிறமாக இலைகளுக்குள் மறைந்திருக்கும். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் பழுத்துச் சிவக்கும். இலைகள் உதிர்ந்த பின்னரே கனிகள் முழுமையாக வெளித்தெரியும்.

## பரம்பலும் வாழிடமும்

வடக்கே கனடாவின் நியூபவுண்ட்லாந்து தொடங்கி மேற்கே ஒன்ராறியோ, மினசோட்டா வரையிலும், தெற்கே அலபாமா வரையிலும் இச்செடி இயற்கையாக வளர்கிறது. சதுப்பு நிலங்கள், ஏரி மற்றும் ஓடைக் கரைகள், தாழ்வான ஈரக்காடுகள் ஆகியவை இதன் வாழிடங்கள். இளவேனிலில் பனி உருகி நீர் தேங்கும் இடங்களிலும் இது அழுகாமல் நிற்கும். கடுங்குளிரையும் தாங்கும். அமெரிக்க வேளாண்மைத் துறை வகுத்த குளிர் தாங்கு வலயங்களில் 3 முதல் 9 வரை இதனை வளர்க்கலாம். மூன்றாம் வலயத்தில் குளிர்கால வெப்பநிலை -40 பாகை செல்சியசு அளவுக்கும் இறங்கக்கூடும்.

## ஆண் செடியும் பெண் செடியும்

பூக்காத காலத்தில் ஆண் செடியையும் பெண் செடியையும் தோற்றத்தால் வேறுபடுத்திக் காண இயலாது. பூக்கும்போது உருப்பெருக்கும் கண்ணாடியின் துணையுடன் வேறுபாட்டை அறியலாம். ஆண் பூவின் நடுவில் மகரந்தம் நிறைந்த மகரந்தப்பைகளுடன் மகரந்தத்தாள்கள் நிற்கும். பெண் பூவின் நடுவில் பச்சை நிறச் சூலகம் சிறு குமிழ் போலப் புடைத்திருக்கும். அதைச் சூழ்ந்துள்ள மகரந்தத்தாள்கள் மலடானவை. ஓர் இலைக்கோணத்தில் உள்ள பூக்களின் எண்ணிக்கை ஆண் செடியில் மிகுதியாகவும் பெண் செடியில் குறைவாகவும் இருக்கும்.

மகரந்தத்தைக் கொண்டு செல்பவை தேனீக்களும் பிற சிறு பூச்சிகளும் ஆகும். ஆண் செடி பெண் செடிகளிலிருந்து ஏறத்தாழ 15 மீட்டர் தொலைவுக்குள் இருப்பது நல்லது. ஓர் ஆண் செடி 6 முதல் 10 பெண் செடிகளுக்குப் போதுமானது. ஆண் செடி கனி தராது என்பதால், அதைத் தோட்டத்தின் பின்புறத்திலோ வேறு செடிகளுக்கு இடையிலோ நடுவது வழக்கம்.

### பூக்கும் காலப் பொருத்தம்

அருகில் ஆண் செடி இருப்பது மட்டும் போதாது. இரண்டும் ஒரே நாட்களில் பூக்கவும் வேண்டும். இடத்தையும் வானிலையையும் பொறுத்து மே முதல் சூலை வரையிலான காலத்தில் விண்டர்பெர்ரி பூக்கிறது. ஆனால் ஒரே தோட்டத்தில் உள்ள வெவ்வேறு வளர்ப்பு வகைகள் வெவ்வேறு வாரங்களில் பூக்கக்கூடும். வடபகுதியில் தோன்றிய வகைகள் முன்னதாகவும் தென்பகுதியில் தோன்றியவை பின்னதாகவும் பூப்பது பொதுவான போக்கு. முன்பூக்கும் ஆண் செடியின் பூக்கள் உதிர்ந்த பிறகு பின்பூக்கும் பெண் செடி மலர்ந்தால் மகரந்தச் சேர்க்கை நிகழாது. எனவே நாற்றுப்பண்ணைகள் பெண் வகைகளுக்குப் பொருத்தமான ஆண் வகையையும் குறிப்பிட்டு விற்கின்றன:

* முன்பூக்கும் பெண் வகைகளான ரெட் ஸ்ப்ரைட், ஆஃப்டர்குளோ ஆகியவற்றுக்கு ஜிம் டான்டி என்னும் ஆண் வகை.
* பின்பூக்கும் பெண் வகைகளான விண்டர் ரெட், விண்டர் கோல்ட் ஆகியவற்றுக்குச் சதர்ன் ஜென்டில்மேன் என்னும் ஆண் வகை.
* கலப்பின வகையான ஸ்பார்க்கிள்பெர்ரிக்கு அப்போலோ அல்லது சதர்ன் ஜென்டில்மேன்.

ஒரு வளர்ப்பு வகையின் செடிகள் அனைத்தும் ஒரே தாய்ச்செடியின் தண்டுத் துண்டுகளிலிருந்து பெருக்கப்பட்டவை. ஆகவே அவை அனைத்தும் ஒரே பாலைச் சேர்ந்தவை. விண்டர் ரெட் செடிகள் பத்தை வரிசையாக நட்டாலும் அவை பத்தும் பெண் செடிகளே. பக்கத்துச் சதுப்பில் காட்டு ஆண் செடி ஏதும் இல்லையெனில் அவ்வரிசை கனியின்றியே நிற்கும். பசுமைமாறா ஹாலிகளின் ஆண் மரங்கள் அருகில் இருந்தாலும் அவற்றை இதற்கு நம்ப இயலாது.

ஆண் செடி பட்டுப்போன ஆண்டில், வேறிடத்திலிருந்து பூத்த ஆண் கிளைகளை வெட்டி, நீர் நிறைந்த வாளியில் இட்டுப் பெண் செடிகளின் அருகே வைத்தும் ஓரளவு கனி பெறலாம்.

## வளர்ப்பு முறை

### இடமும் மண்ணும்

முழு வெயில் படும் இடத்தில் கனி மிகுதியாகக் கிடைக்கும். பகுதி நிழலிலும் செடி வளரும். ஆனால் கிளைகள் நெருக்கமின்றி நீண்டு, கனிகள் குறையும்.

அமிலத்தன்மையுள்ள, மக்கு நிறைந்த, ஈரம் காக்கும் மண் ஏற்றது. மண்ணின் பி.எச் அளவு 4.5 முதல் 6.5 வரை இருத்தல் நலம். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் செடி இரும்புச் சத்தை எடுத்துக்கொள்ள இயலாமல் போகிறது. அப்போது நரம்புகள் பச்சையாக இருக்க இலைப்பரப்பு மஞ்சளாகும், வளர்ச்சியும் குன்றும். புதிதாகக் கட்டிய வீடுகளின் சுவரோரங்களில் சிமெந்துக் கழிவுகளால் மண் காரத்தன்மை அடைந்திருக்கலாம் என்பதால், அங்கு நடுவதற்கு முன் மண்ணைச் சோதிப்பது நல்லது. மண்ணில் கந்தகத்தூள் கலந்து பி.எச் அளவைக் குறைக்கலாம். எனினும் அதன் பயன் மெதுவாகவே தெரியும். மிகுந்த சுண்ணாம்பு மண்ணில் ஆண்டுதோறும் திருத்திக்கொண்டிருப்பதை விட, பாசம்ஹா போன்ற வேறு இனத்தைத் தெரிவு செய்வது எளிது.

மற்றப் புதர்ச்செடிகள் வேர் அழுகி மடியும் தாழ்வான, நீர் தேங்கும் மூலைகள் விண்டர்பெர்ரிக்கு உகந்த இடங்கள். கூரை நீரும் தெரு நீரும் வந்து சேரும்படி அமைக்கப்படும் மழைத்தோட்டங்களிலும் இது நடப்படுகிறது.

### நடுதல்

இளவேனிலும் இலையுதிர் காலமும் நடுவதற்கு ஏற்ற பருவங்கள். தொட்டியில் இருந்த ஆழத்திலேயே செடியை நட்டு, குழியை அகலமாகத் தோண்டி, இலைமக்கு கலந்த மண்ணால் நிரப்ப வேண்டும். உயர வகைகளுக்கு 1.5 முதல் 2.5 மீட்டரும், குட்டை வகைகளுக்கு ஏறத்தாழ 1 மீட்டரும் இடைவெளி விடலாம். நட்டபின் வேர்ப்பகுதியைச் சுற்றிப் பைன் ஊசியிலைகள், மரப்பட்டைத் துண்டுகள் அல்லது இலைமக்கைக் கொண்டு மூடாக்கு இடுவது ஈரத்தைக் காக்கும். செடியுடன் வரும் பெயர்ச்சீட்டைப் பாதுகாத்து வைப்பது அவசியம். ஓர் ஆண் செடி இறந்தால் அதற்கு ஈடாக எவ்வகையை வாங்குவது என்பதை அச்சீட்டைக் கொண்டே அறிய முடியும்.

### நீரும் உரமும்

முதல் இரண்டு ஆண்டுகளில் மண் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வளர்ந்த செடிகளுக்கும் கோடையில் நீர் தேவை. காய்கள் வளரும் காலத்தில் வறட்சி நேர்ந்தால் செடி அவற்றை உதிர்த்துவிடும். உரம் மிகுதியாகத் தேவையில்லை. ஆண்டுக்கு ஒருமுறை மக்கு உரம் இட்டால் போதும். தழைச்சத்து மிகுந்தால் இலைகளும் தண்டுகளுமே செழிக்கும்.

### கவாத்து

பூக்கள் அவ்வாண்டின் இளந்தண்டுகளில் தோன்றுவதால், குளிர்காலத்தின் முடிவில், தளிர் விடுவதற்கு முன் கவாத்து செய்யப்படுகிறது. அதற்குள் கனிகளையும் பறவைகள் உண்டு முடித்திருக்கும். மிக முதிர்ந்த தண்டுகளில் மூன்றில் ஒரு பங்கை ஆண்டுதோறும் அடியோடு நீக்கினால் புதர் இளமையுடன் இருக்கும். வேலிச்செடி போல மேற்புறத்தைச் சமமாக வெட்டுவது ஏற்றதன்று. கடுமையாக வெட்டப்பட்ட கிளைகளிலிருந்து நீண்ட, பூக்கள் குறைந்த தண்டுகளே எழும். கோடையில் வெட்டினால் வளரும் காய்களும் சேர்ந்து போய்விடும்.

## இனப்பெருக்கம்

'''விதை:''' கனி பழுக்கும்போது விதையினுள் உள்ள முளைக்கரு முழு வளர்ச்சி அடைந்திருப்பதில்லை. எனவே விதை முளைக்க ஓராண்டுக்கும் மேலாகலாம். சில விதைகள் மூன்றாம் ஆண்டில் முளைப்பதும் உண்டு. சதைப்பகுதியை நீக்கிக் கழுவிய விதைகளைத் தட்டில் விதைத்து, ஈரம் காயாமல் திறந்தவெளியில் வைத்து, குளிர்காலங்களைக் கடக்க விடுவது எளிய முறை. விதை நாற்றுகளில் ஆண், பெண் இரண்டும் கலந்திருக்கும். அவை முதன்முறை பூக்கும் வரை எது எப்பால் என்பது தெரியாது.

'''தண்டுத் துண்டு:''' கோடையின் தொடக்கத்தில் எடுக்கப்படும் இளந்தண்டுத் துண்டுகள் எளிதில் வேர் விடும். கீழ் இலைகளை நீக்கி, அடிப்பகுதியை வேர் வளர்ச்சி ஊக்கியில் தோய்த்து, ஈரக்காற்று நிலவும் மூடிய தட்டில் நடுவர். தாய்ச்செடியின் பாலும் பண்புகளும் மாறாமல் கிடைப்பதால் நாற்றுப்பண்ணைகள் இம்முறையையே கையாளுகின்றன.

'''வேர்க்கன்று:''' பரவி வளரும் செடிகளின் வேர்க்கன்றுகளை இளவேனிலில் வேருடன் பிரித்தும் நடலாம்.

## வளர்ப்பு வகைகள்

* '''விண்டர் ரெட்:''' பெண் வகை. 2 முதல் 3 மீட்டர் வரை வளரும். மிகுதியான கனிக்கும், அவை நீண்ட நாள் நிலைத்திருப்பதற்கும் பெயர் பெற்றது. இந்தியானா மாநிலத்தின் சிம்ப்சன் நாற்றுப்பண்ணை அறிமுகப்படுத்தியது.
* '''விண்டர் கோல்ட்:''' விண்டர் ரெட் செடியின் ஒரு கிளையில் தோன்றிய திடீர் மாற்றத்திலிருந்து பெறப்பட்ட பெண் வகை. கனிகள் பொன்னிறம் கலந்த இளஞ்செம்மஞ்சள் நிறமானவை.
* '''ரெட் ஸ்ப்ரைட்:''' ஏறத்தாழ 1 மீட்டர் உயரமுள்ள குட்டையான பெண் வகை. கனிகள் பெரியவை. சிறிய தோட்டங்களுக்கு ஏற்றது.
* '''ஆஃப்டர்குளோ:''' செம்மஞ்சள் சாயல் கொண்ட கனிகள் தரும் பெண் வகை.
* '''ஸ்பார்க்கிள்பெர்ரி:''' சப்பானிய இனத்துடன் கலந்து அமெரிக்கத் தேசிய மரவியல் பூங்கா வெளியிட்ட பெண் வகை. 3 மீட்டருக்கு மேல் வளரும்.
* '''அப்போலோ:''' அதே பூங்கா ஸ்பார்க்கிள்பெர்ரிக்கு இணையாக வெளியிட்ட ஆண் வகை.
* '''ஜிம் டான்டி:''' முன்பூக்கும், உயரம் குறைந்த ஆண் வகை.
* '''சதர்ன் ஜென்டில்மேன்:''' பின்பூக்கும், உயரமான ஆண் வகை.

## கனி தோன்றாமைக்கான காரணங்கள்

நன்கு வளர்ந்த செடியும் கனி தராமல் போவதற்குப் பின்வரும் காரணங்கள் இருக்கலாம்:

# அருகில் ஆண் செடி இல்லாமை.
# ஆண் செடி இருந்தும், பூக்கும் காலம் பொருந்தாமை.
# நட்ட செடியே ஆண் செடியாக இருத்தல். பெயரிடப்படாத விதை நாற்றுகளை வாங்கும்போது இவ்வாறு நேரும்.
# செடி இளமையாக இருத்தல். நட்டபின் இரண்டு மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டி வரலாம்.
# மிகுந்த நிழல்.
# பூக்கும் நாட்களில் தொடர்மழையோ கடுங்குளிரோ இருந்து தேனீக்கள் வராமை; அந்நாட்களில் பூச்சிக்கொல்லி தெளித்தல்.
# காய்ப்பருவத்தில் வறட்சி.
# கடுமையான அல்லது காலம் தவறிய கவாத்து.

காரணத்தை அறிய, பூக்கும் பருவத்தில் பூக்களை நேரில் சோதிப்பதே உறுதியான வழி. சூலகம் புடைத்த பூக்கள் இருந்தும் அவை காயாகாமல் உதிர்ந்தால் மகரந்தம் கிடைக்கவில்லை எனக் கொள்ளலாம். சிறு காய்கள் தோன்றிப் பின்னர் உதிர்ந்தால் நீர்ப் பற்றாக்குறையை ஐயுறலாம். இவ்வாறு சோதிக்காமல் கனியில்லாச் செடியை மலடு எனக் கருதி வெட்டிவிடுவதால், மற்றச் செடிகளுக்கு மகரந்தம் தந்துவந்த ஒரே ஆண் செடி அழிந்துபோகவும் கூடும்.

## நோய்களும் தீங்குயிர்களும்

விண்டர்பெர்ரிக்குக் கடுமையான நோய்கள் குறைவு. இலைப்புள்ளி நோய், சாம்பல் நோய், செதில் பூச்சிகள் ஆகியவை சில வேளைகளில் தோன்றுகின்றன. உதிர்ந்த இலைகளை அகற்றுவதும் காற்றோட்டமாக நடுவதும் பெரும்பாலும் போதுமானவை. இளஞ்செடிகளை மான்களும் முயல்களும் கடிப்பதுண்டு. முதல் சில ஆண்டுகளுக்குக் கம்பிவலை வேலி இடலாம்.

## பறவைகளும் பிற உயிர்களும்

அமெரிக்க ராபின், சீடார் வேக்ஸ்விங், கிழக்கு நீலப்பறவை, மாக்கிங்பேர்ட் முதலிய பறவைகள் இக்கனிகளை உண்கின்றன. ஆயினும் இவை பழுத்தவுடன் உண்ணப்படுவதில்லை. கனிகளில் கொழுப்புச் சத்து குறைவு. இலையுதிர் காலத்தில் நெடுந்தொலைவு வலசை செல்லும் பறவைகள் டாக்வுட், ஸ்பைஸ்புஷ் போன்ற கொழுப்பு மிகுந்த கனிகளை முதலில் தேடி உண்கின்றன. கொழுப்பு மிகுந்த கனிகள் விரைவில் தீர்ந்தோ கெட்டோ போகும்போது, கெடாமல் நிற்கும் விண்டர்பெர்ரிக் கனிகள் பின்குளிர்கால உணவாக எஞ்சுகின்றன. பலமுறை உறைந்து இளகியபின் கனிகள் மென்மையாகும். அப்போது வேக்ஸ்விங் கூட்டம் ஒன்று வந்திறங்கினால் ஒரு புதர் முழுவதும் விரைவில் வெறுமையாகிவிடும். தோட்டக்காரருக்கு இது இழப்பாகத் தோன்றலாம். ஆனால் கனிகள் நீண்ட நாள் நிலைத்திருப்பதன் பயனே இதுதான். பறவைகளின் எச்சத்தின் மூலமாகவே விதைகள் புதிய இடங்களைச் சென்றடைகின்றன.

பூக்கள் சிறியவையாயினும் தேனீக்களுக்குத் தேனும் மகரந்தமும் தருகின்றன. சதுப்போரங்களில் செறிந்து வளரும் புதர்கள் சிறு பறவைகளுக்குக் கூடமைக்கவும் ஒளியவும் இடமளிக்கின்றன.

## கிளை அறுவடை

கனி நிறைந்த வெறுங்கிளைகள் குளிர்கால மலரலங்காரத்திலும் கிறிஸ்துமஸ் வளையங்களிலும் பயன்படுகின்றன. அமெரிக்காவில் மட்டுமன்றி நெதர்லாந்திலும் இதற்காகவே இச்செடி வணிக அளவில் பயிரிடப்படுகிறது. மலர்ச் சந்தையில் இது ஐலெக்ஸ் என்றே அழைக்கப்படுகிறது. இலைகள் உதிர்ந்தபின் கிளைகள் வெட்டப்பட்டுக் குளிர்ந்த இடத்தில் வைக்கப்படுகின்றன. குளிரில் பல வாரங்கள் நிறம் மாறாதிருக்கும் கனிகள், சூடேற்றப்பட்ட அறைக்குள் விரைவில் சுருங்குகின்றன.

கிளைகளை வெட்டுவது மறு ஆண்டின் விளைச்சலைக் குறைக்கும். ஆகவே ஒரு செடியில் ஓராண்டு வெட்டி அடுத்த ஆண்டு ஓய்வு கொடுப்பது வழக்கம். வீட்டுத் தோட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதிருந்தால் செடிக்கும் கேடில்லை. பறவைகளுக்கும் உணவு மிஞ்சும். காட்டுச் செடிகளில் கனியுள்ளவை மட்டுமே வெட்டப்படுவதால், அறுவடையின் சுமை முழுவதும் பெண் செடிகள் மீதே விழுகிறது.

## மருத்துவப் பயனும் நச்சுத்தன்மையும்

வட அமெரிக்கத் தொல்குடி மக்கள் இச்செடியின் பட்டையை மருந்தாகப் பயன்படுத்தினர். 19 ஆம் நூற்றாண்டு அமெரிக்க மூலிகை நூல்களிலும் இது காய்ச்சலுக்கும் தோல் நோய்களுக்கும் உரிய மருந்தாகக் குறிப்பிடப்பட்டது. தற்கால மருத்துவத்தில் இப்பயன்பாடு இல்லை. கனிகள் மனிதருக்கு உணவாகா. அவற்றில் உள்ள சபோனின் முதலிய வேதிப்பொருட்களால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஏற்படலாம். சிறு குழந்தைகளும் நாய், பூனைகளும் உள்ள வீடுகளில், அலங்காரக் கிளைகளிலிருந்து உதிரும் கனிகளை உடனுக்குடன் அகற்றுவது நல்லது.

## அயல் செடிகளுக்கு மாற்று

கிழக்காசியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கிழக்கத்திய பிட்டர்ஸ்வீட் கொடியும் சப்பானியப் பார்பெர்ரியும் இதே போன்ற செந்நிறக் கனிகளுக்காக அமெரிக்கத் தோட்டங்களில் வளர்க்கப்பட்டன. பறவைகள் இவற்றின் விதைகளைக் காடுகளுக்குக் கொண்டு சென்றன. பிட்டர்ஸ்வீட் கொடி மரங்களைச் சுற்றி இறுக்கியும் மூடியும் அழிக்கிறது; பார்பெர்ரி காட்டின் கீழ்த்தளத்தை அடைத்து வளர்கிறது. மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் தடைசெய்யப்பட்ட செடிகளின் பட்டியலில் இவ்விரண்டும் இடம்பெற்றுள்ளன. அதே நிறத்தை அதே பருவத்தில் தரும் தாயகச் செடி என்ற முறையில் விண்டர்பெர்ரி இவற்றுக்கு மாற்றாகப் பரிந்துரைக்கப்படுகிறது. இதன் விதைகளும் பறவைகளால் பரவுகின்றன. ஆனால் அவை சென்று முளைப்பது தம் சொந்த வாழிடத்திலேயே.

## வாழிடக் காப்பு

விண்டர்பெர்ரி பரவலாகக் காணப்படும் செடி. அழியும் நிலையில் உள்ள இனம் அன்று. எனினும் இது சார்ந்துள்ள ஈரநிலங்கள் பெருமளவில் சுருங்கிவிட்டன. அலாஸ்கா, ஹவாய் நீங்கலான அமெரிக்க மாநிலங்களில் இருந்த ஈரநிலப் பரப்பில் பாதிக்கும் மேற்பட்டது 1780 களுக்கும் 1980 களுக்கும் இடையில் வடிக்கப்பட்டும் நிரப்பப்பட்டும் மறைந்துபோனது. சதுப்பு வடிக்கப்படும்போது ஆண், பெண் செடிகள் தனித்தனித் திட்டுகளில் பிரிந்து நிற்க நேரிடும். தேனீ எட்டாத தொலைவில் தனித்து நிற்கும் பெண் செடி பல ஆண்டுகள் உயிருடன் இருந்தும் ஒரு விதையும் ஈனாது.

ஈரநில மீட்டெடுப்புப் பணிகளில் வளர்ப்பு வகைகளை விட, அப்பகுதியிலேயே சேகரித்த விதைகளிலிருந்து வளர்த்த நாற்றுகள் விரும்பப்படுகின்றன. ஒரே தாயின் நகல்களாக இல்லாமல் மரபியல் வேறுபாடு கொண்டிருப்பதாலும், அந்நாற்றுகளில் ஆண், பெண் இரண்டும் இயல்பாகவே கலந்திருப்பதாலும், நட்டவர் மீண்டும் வராவிட்டாலும் அப்புதர்கள் தாமே கனிந்து பெருகும்.

## இவற்றையும் பார்க்க

* ஐலெக்ஸ்
* ஈரில்லத் தாவரம்
* மகரந்தச் சேர்க்கை
* சதுப்பு நிலம்
* சோலைக்காடு